ஆட்டோவில் வந்த மரணம்

"ஐயய்யோ... ஆளு! உள்ள ஆளு!"

பட்டப்பகலில் அப்படி அலறியவர் கிலோவாட்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. ஜெனரேட்டர் கடைக்காரர். எதிரே வருகிற மனிதர் எத்தனை கிலோவாட் இழுப்பார் என்று எடை போட்டுவிட்டுத்தான் வணக்கமே வைப்பார். கடைத்தெரு சூட்டிய பட்டம் அது.

போன வாரம் அந்த வீட்டில் ஜெனரேட்டர் மாட்டிக் கொடுத்திருந்தார். இன்று முதல் ஆயில் மாற்ற வந்தார். வாசலிலேயே அவர் கால் நின்றது.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது!

பக்கத்து வீட்டில் மிக்ஸி கத்துகிறது. எதிர்வீட்டு டி.வி.யில் யாரோ சிரிக்கிறார்கள். தெரு முழுக்கக் கரண்ட் இருக்கும்போது இங்கே மட்டும் எதற்கு?

பின்பக்கம் ஓடினார். நடைவழிச் சுவரில் மெயின் சுவிட்ச் இறக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த பேனலின் சுவிட்சைத் திருப்பி ஜெனரேட்டரை நிறுத்தினார். மெயினைத் தூக்கிவிட்டார். ஜெனரேட்டர் இருந்த ஸ்டோர் ரூம் கதவின் வெளித் தாழ்ப்பாளை இழுத்தார்.

குபீரென்று புகை. புகையோடு, கதவில் சாய்ந்து கிடந்த ஒரு மனிதர்... கிலோவாட்டின் காலிலேயே சரிந்தார்.

வீட்டுக்கார அம்மாளின் தம்பி.

உயிர் இல்லை!

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஸ்டேஷனில் அவருடைய நாற்காலி இன்னும் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. இங்கேயும் ஸ்டோர் ரூமுக்கும் நடைவழிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கிலோவாட் வியர்வையைத் துடைத்தபடி பின்னாலேயே ஓடினார்.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்துச்சா?"

"ஆமா மேடம்."

"திறந்தது யாரு?"

"நான்தான்."

"மெயின் சுவிட்சைத் தூக்கினது?"

"நான்தான்."

"பேனலைத் தொட்டது?"

"அதுவும்..." கிலோவாட் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், காப்பாத்தற அவசரத்துல..."

"ஜெனரேட்டரை மாட்டினதும் நீ. இப்ப மாட்டிக்கிட்டதும் நீ!"

"மேடம்! எனக்கும் அவருக்கும் என்ன பகை? குடும்பஸ்தன் மேடம் நான்!"

"கொலைகாரங்கள்ல பாதிப் பேரு குடும்பஸ்தங்கதான்யா. நீ வந்தப்ப பேனல் எதுல இருந்துச்சு?"

"ஆட்டோவுல மேடம்."

பிணத்தருகே நின்ற கான்ஸ்டபிள் துள்ளி நிமிர்ந்தார். "ஆட்டோவா! நம்பர் பார்த்தியா? எந்த ஸ்டாண்டு?"

"யோவ்!" இன்ஸ்பெக்டர் ஒரே முறைப்பில் அவரை அடக்கினார். "நீ சொல்லு."

"பேனல்ல ஒரு திருகு சுவிட்ச் இருக்கு மேடம். ஆஃப்ல வெச்சா மெஷின் செத்த பாம்பு. மேனுவல்ல வெச்சா நாமதான் பட்டனை அமுக்கணும். ஆட்டோவுல வெச்சா, மெயின்ல கரண்ட் போன உடனே தானா ஸ்டார்ட் ஆயிடும்."

"மெஷின்கிட்ட போய் வேலை செய்யறவன் எதுல வெப்பான்?"

"ஆஃப்லதான். யாருக்குத் தைரியம் வரும் வேற எதுலயாவது வெக்க?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். இறந்தவரின் கையில் ஸ்பேனர். பின்மண்டையில் வீக்கம். ஜெனரேட்டரின் புகைக்குழாய் கழன்று தரையில் கிடந்தது.

"இருட்டுல மெஷின் திடீர்னு உறுமியிருக்கு. பயந்து எகிறி, சுவத்துல மோதி மயங்கியிருக்கான். மிச்சத்தைப் புகை பார்த்துக்கிச்சு. ஆனா இவன் எதுக்குய்யா குழாயைக் கழட்டினான்?"

கிலோவாட் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரத்தையே பார்த்தார்.

"அந்தப் பக்கம் என்ன?"

"அவங்க அக்கா ரூம் மேடம். படுத்த படுக்கை. ஆக்ஸிஜன் மெஷின்லதான் மூச்சே. கரண்ட் போனா அவங்களும் போயிடுவாங்கன்னுதான் ஜெனரேட்டர் வாங்கினாங்க." குரல் இறங்கியது. "பெட்ரோல் மெஷினைத் திறந்தவெளியில, ஜன்னலை விட்டுத் தள்ளித்தான் வெக்கணும்னு சொன்னேன். தம்பி கேக்கலை. மழையில நனையும், திருடு போகும், ஸ்டோர் ரூம்லயே வைன்னு ஒத்தக்கால்ல நின்னார்."

"நீ வெச்சுட்டே?"

"வந்த கிராக்கியை விட மனசு வரலை. புகை வெளிய போகக் குழாய் போட்டுக் கொடுத்தேன். 'இது கழண்டா புகை நேரா அக்கா தலைமாட்டுக்குத்தான் போகும், ஜாக்கிரதை'ன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்."

"நல்லா சொல்லிக் கொடுத்திருக்கே. வீடு யார் பேர்ல?"

"அக்கா பேர்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். தம்பியின் திட்டம் வெட்டவெளிச்சம். அந்தத் தம்பியை உள்ளே வைத்துப் பூட்டியது யார்?

வீட்டில் இன்னும் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவரால் எழுந்து நிற்கக்கூட முடியாது!

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் இன்ஸ்பெக்டரைக் குழப்பியது.

"அம்மா, காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"மெஷின் ஓடற... சத்தம்தான். கரண்ட் போயிருக்கும்னு... நினைச்சேன்." வார்த்தைக்கு வார்த்தை இளைத்தார்.

"எழுந்து பார்க்கலையா?"

"எப்படிம்மா? இந்தக் குழாய்... கதவு வரைக்கும்கூட எட்டாது. கழட்டினா... அவ்வளவுதான் நான்."

இன்ஸ்பெக்டர் அறைக்குள்ளும் நடந்தார். அண்ணாந்து பார்த்தார். காற்றுத் துவாரத்தில் ஒரு கம்பளி இடைவெளியே இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தது.

"அதை அடைச்சது யாரு?"

"தம்பிதான்... குளிருதுன்னு சொன்னேன்."

கொல்லப் புகை அனுப்புகிறவன், புகை வருகிற வழியை அடைப்பானா?

இன்ஸ்பெக்டரின் நடை நின்றது. கான்ஸ்டபிளை அருகே இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். அவர் நடைவழிப் பக்கம் நழுவினார்.

"சரிம்மா. இந்தக் கடைக்காரர் மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

அக்காவின் கண்கள் கிலோவாட் மீது திரும்பின.

"இருக்கும்மா. வந்த நாள்லேருந்தே... இவன் முழியே சரியில்லை. தம்பிகூட... எப்பப் பார்த்தாலும் வாக்குவாதம்..."

"ஐயோ, என்னம்மா பழி இது!" கிலோவாட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களுக்காகத்தானே சண்டை போட்டேன்!"

டப்!

நடைவழியில் மெயின் சுவிட்ச் இறங்கியது. ஃபேன் தளர்ந்தது. ஆக்ஸிஜன் மெஷின் நின்று, கரண்ட் இல்லை என்று வீல் வீலென்று அலறியது.

"மேடம்!" கிலோவாட் பதறினார். "யாரோ மெயினை இறக்கிட்டாங்க! அக்காவுக்கு மூச்சு நின்னுடும்! பேனல் ஆஃப்ல இருக்கு, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாது! வழி விடுங்க!"

இன்ஸ்பெக்டர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

அக்காவோ கோபத்தின் உச்சியில் இருந்தார். எரிச்சலோடு கையை நீட்டினார். தூங்கும்போது தொந்தரவு செய்யும் அலாரத்தை அடக்குவதுபோல் மெஷின் தலையில் ஒரு தட்டு. அலறல் நின்றது.

"நடிக்கறான் பாருங்கம்மா! இவன்தான் ஸ்டோர் ரூம்ல வைக்கச் சொன்னான், இவன்தான் தாழ்ப்பாளைப் போட்டான், இப்ப என் மேல அக்கறை இருக்கற மாதிரி குதிக்கறான்! இவனை முதல்ல இழுத்துட்டுப் போங்க! என் தம்பியை அநியாயமா கொன்னுட்டு..."

ஒரே மூச்சில் பேசினார்.

அறை நிசப்தமாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தார். நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அவசரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு...

"ஹா... ஹா... மூச்சு..."

"வேணாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "லேட்டாயிடுச்சு."

அக்காவின் கை நெஞ்சிலிருந்து மெல்ல இறங்கியது. மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எப்ப சரியாச்சு?"

"போன மழைக்காலத்துலயே நுரையீரல் தேறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான்தான் தம்பிகிட்ட சொல்லலை."

"ஏன்?"

"இந்தக் குழாய் மூக்குல ஏறின அப்புறம்தான் அவன் 'சாப்பிட்டியாக்கா'ன்னு கேக்க ஆரம்பிச்சான்."

இன்ஸ்பெக்டரின் பார்வை அந்தக் குழாயில் நிலைத்தது. கிலோவாட்கூட தன் பயத்தை மறந்து நின்றார்.

"காலையில அந்த ஓட்டை வழியா ஸ்பேனர் சத்தம் கேட்டுச்சும்மா. புகைக்குழாயைக் கழட்டறான்னு புரிஞ்சுபோச்சு. எனக்குத்தான்னும் புரிஞ்சுபோச்சு. கட்டில் மேல ஏறிக் கம்பளியை அடைச்சேன். பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பேனலை ஆட்டோவுக்குத் திருப்பினேன். மெயினை இறக்கினேன். உள்ள இருந்து அவன் குரலே வரலை... வந்திருந்தா திறந்திருப்பேன்மா. சத்தியமா திறந்திருப்பேன்."

இன்ஸ்பெக்டர் கிலோவாட்டின் தோளைத் தட்டினார். "போய்யா. இனிமே எந்தக் கிராக்கி கேட்டாலும் வீட்டுக்குள்ள வெக்காதே."

கிலோவாட் கும்பிட்டுவிட்டு, செருப்பைக்கூட மறந்து ஓடினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினார். கால்கள் உறுதியாகத்தான் நின்றன.

"தினமும் கொஞ்சம் நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டே இருந்தார்மா. இன்னிக்குத்தான் முதல் தடவையா நடந்தேன்."

"விட்டுடாதீங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், விலங்கை எடுத்தபடி. "ஜீப் தெருமுனையிலதான் நிக்குது."