ஜாடியும் சிவப்பு வயரும்

சித்தப்பாவின் ரொட்டி வண்டியில், பானெட்டுக்குள், ஒரு கண்ணாடி ஜாடி வந்து உட்கார்ந்தது. ஜாடி நிறையத் தண்ணீர். ஒரு சிவப்பு வயர் அதைப் பேட்டரியோடு இணைத்தது. ஒரு குழாய் எஞ்சினுக்குப் போனது.

தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும், அதில் வண்டி ஓடும் என்றார் அதைப் பொருத்திய ஜாடிக்காரர். ஜாடி மட்டும் அலுங்கக் கூடாதாம்.

தினமும் ஆறு லிட்டர் பெட்ரோல் குடித்த வண்டி, அந்த வாரம் ஐந்து லிட்டரோடு நின்றது. சித்தப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை பெட்ரோல் டேங்கையே கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி பொருத்துவதாக ஏற்பாடு. வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான். அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

அண்ணன் மகளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பதினொரு வயது. குத்திக் குத்திக் கேள்வி கேட்பதால் குண்டூசி என்று பெயர்.

"தண்ணியப் பிரிக்க கரன்ட் எங்கேருந்து வருது?"

"பேட்டரியிலேருந்து" என்றார் ஜாடிக்காரர்.

"பேட்டரிக்கு?"

"எஞ்சின்லேருந்து."

"அப்போ எஞ்சின் தனக்குத் தானே சோறு போட்டுக்குதா?"

ஜாடிக்காரர் சிரித்தார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனால் ஒரு லிட்டர் குறைந்தது உண்மை. எப்படி?

செவ்வாய்க்கிழமை அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போனாள். வழக்கமாக வேகத்தடை வந்தால் அவள் சாப்பாட்டு டப்பா மடிக்குத் தாவும். அன்று அசையவே இல்லை. சித்தப்பா ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தார்.

மாலையில் அவரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டாள். அந்த மூன்று நாளும் காலையில் ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அவர் பானெட்டைத் திறக்கக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. போனால் போகிறது என்று தலையாட்டினார்.

புதன், ஐந்து லிட்டர். வியாழன், ஐந்து. வெள்ளியும் ஐந்து.

"பாத்தியா?" என்றார் சித்தப்பா.

குண்டூசி சிவப்பு வயரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"புதன்கிழமையிலேருந்து இது என் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கு."

சித்தப்பா போய் பானெட்டைத் திறந்தார். பேட்டரியில் வயர் இருந்த இடம் காலி.

"அப்போ பெட்ரோலை மிச்சம் பிடிச்சது யாரு?"

"உங்க வலது கால். ஜாடி உடைஞ்சிடும்னு மெதுவா மிதிச்சீங்க, சித்தப்பா."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஸ்பேனரோடு வந்த ஜாடிக்காரர் வாசலிலேயே திரும்பிப் போனார், கையில் சிவப்பு வயரோடு.

ஜாடி இப்போது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் காலையில் குண்டூசி அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுகிறாள். சாயங்காலம் ஒரு சொட்டு சிந்திக் குறைந்திருந்தாலும் கேள்வி கேட்பாள்.