கட்டை போட்டாச்சா?

என் தங்கை புருஷன் ஒரு படகை இழுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றபோது நான் மத்தியானச் சாப்பாட்டில் பாதியில் இருந்தேன். ஹாரன் அடித்தான். ஒரு தடவை அடித்தால் எனக்குக் காது கேட்காதா? நான் கை கழுவிக்கொண்டு வெளியே வரும்வரை விடாமல் அடித்தான்.

"மச்சான், ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. நீ என்ன பண்ணுவியோ தெரியாது, இது மலை ஏறணும்."

பிக்கப் வண்டி பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொக்கிக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். அதன்மேல் இருந்த படகைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவனுடைய அண்ணன் படகு. பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். மலைமேல் இருக்கும் ஏரியில் அந்தப் படகில் போனார். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை.

அதற்கு முன்பு அண்ணனும் தம்பியும் அதே மலைப் பாதையில் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவர்கள். தம்பி ஸ்டியரிங்கில். பெரியவர் மரக்கட்டையோடு பின்னால். ஏற்றத்தில் வண்டி நின்றால் ஓட்டுகிறவன் "கட்டை போட்டாச்சா?" என்று கேட்பான். பின்னால் இருப்பவர் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டு "போட்டாச்சு" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பிரேக்கிலிருந்து கால் எழும்பும். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. நானும் எந்த வண்டிக்கு அடியில் நுழைந்தாலும் அதைக் கேட்காமல் நுழைவதில்லை.

"மேல ஏரியில படகு விடப்போறேன். உன் தங்கச்சியும் என்கூட வர்றா" என்றான்.

"செத்தவர் படகுலயா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா மாப்பிள்ளை?"

"படகு என்ன பாவம் பண்ணுச்சு? உன் வேலையைப் பாரு."

தங்கை கேபினிலிருந்து இறங்கி என்னை டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அண்ணா, நல்லா செஞ்சு குடு. நீ செய்யலைன்னாலும் என்னை ஏத்திக்கிட்டுத்தான் போவாரு."

அதைக் கேட்டபிறகு நான் என்ன செய்ய? அவன் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை. என் தங்கை உட்காரும் வண்டி பின்னால் உருளக் கூடாது. அதற்காகத்தான் ஸ்பேனரைத் தொட்டேன்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கனமானதாக மாற்றினேன். கியர் பெட்டி சூடேறாமல் இருக்க ஆயில் கூலர் வைத்தேன். டிரெய்லருக்குத் தனி பிரேக். பழைய கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய கொக்கி போட்டு, அது கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினேன். வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்தது. திருப்தியாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் மறுபடி தாழ்ந்திருந்தது.

காலிப் படகு. புதுப் பட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, மலையில் நிற்பதைப்போல மூக்கை மேல்பக்கம் வைத்து நிறுத்தினேன். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஏற்றத்தில் பாரம் பின்னால்தான் சரியும். கொக்கிமேல் பாரம் குறைய வேண்டும். கட்டை போட்டுவிட்டு அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டைமேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

படகின் வால்பக்கம் பலகை கிரீச்சிட்டது.

அப்புறம் நடுவில்.

அப்புறம் முனையில், என் தலைக்கு நேர் மேலே.

என் கைக்குக் கீழே பட்டை மெல்ல வளைந்தது. பாரம் ஏற்றத்துக்கு எதிராக, மேல்நோக்கி, வண்டியைப் பார்த்து நடந்து வந்திருந்தது.

வெளியே உருண்டு வந்து படகில் எட்டிப் பார்த்தேன். ஆளில்லை. காய்ந்து வெடித்த பலகையின்மேல் ஈரப் பாதங்கள், எல்லாம் கேபினைப் பார்த்தபடி. பாசி அழுகிய நாற்றம் குப்பென்று அடித்தது. பகல் வெளிச்சத்தில், தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போதே நான் பட்டறையை விட்டு வாசலுக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்தவனிடம் சொன்னேன். "இதுல ஏதோ இருக்கு மாப்பிள்ளை. எரிச்சுடு."

அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேலை தெரியலைன்னு சொல்லிட்டுப் போ மச்சான், பேய் மேல ஏன் பழி போடுற?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு பட்டையைச் சேர்த்து முறுக்கினேன். ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்த வண்டிக்கு எங்களைவிட அறிவு அதிகம். நான்தான் அதை ஏற வைத்தேன்.

மறுநாள் மதியம் கிளம்பினோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்து, கட்டையை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்தட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி பிரமாதமாக ஏறியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பாதி மலையில் பனிமூட்டம் இறங்கியது. ஒரு செங்குத்தான வளைவுக்கு முன்னால் பின்பக்கம் திடீரென்று அமுங்கியது. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் போயின.

கேபினைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். "அவளை இறக்கிவிடு. பாரம் குறையட்டும்."

"அவ இறங்க மாட்டா."

"இறங்கலைன்னா நான் உன்னை இறக்குவேன்டா!"

தங்கை கதவைத் திறந்து தானாகவே இறங்கிவிட்டாள். நானும் கட்டையோடு குதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் போனது. நாங்கள் இருவரும் படகுக்குப் பின்னால் நடந்தோம். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அன்னைக்கு ஏரியில மதகு திறந்து தண்ணி இழுத்துக்கிட்டிருந்துச்சுண்ணா. பெரியவர் படகுல கால் வைக்கும்போது, கரையில கயிறு கட்டியாச்சாடான்னு கேட்டாரு. கட்டியாச்சுன்னு இவரு சொன்னாரு. நான் கரையில நின்னு பாத்தது இவருக்குத் தெரியும்."

"கட்டலையா?"

அவள் அழுதாள்.

வளைவின் நடுவில் வண்டி திணறி நின்றது. பனிக்குள் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அவன் குரல் வந்தது.

"கட்டை போட்டாச்சா?"

கட்டை என் கையில் இருந்தது. "இரு" என்று கத்த வாயைத் திறந்தேன்.

"போட்டாச்சுடா தம்பி."

படகுக்குள்ளிருந்து வந்தது.

தங்கையின் நகம் என் கையில் இறங்கியது. வருஷக்கணக்காக அந்தக் குரலுக்குப் பழகிய கால் அது. அவன் யோசிக்கும் முன்பே கால் எழும்பியிருக்கும். சிவப்பு விளக்கு அணைந்தது. வண்டி பின்னால் வந்து, முறுக்கிக்கொண்டு திரும்பி, கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு போனது. "அண்ணே!" என்று அவன் அலறியது கேட்டது. கடைசியாக அவன் கூப்பிட்டது என்னை அல்ல.

பனி கொஞ்சம் விலகியது. டிரெய்லரும் படகும் சாலையிலேயே நின்றன. எலுமிச்சம்பழம் வைத்தால்கூட உருண்டு ஓடிவிடும் சரிவு. சக்கரத்துக்கு அடியில் கட்டை இல்லை. டிரெய்லர் பிரேக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றது. டிரெய்லரின் கொக்கிப் பூட்டு உடையவில்லை, நான் மாட்டிய இரண்டு சங்கிலிகளும் அறுந்திருக்கவில்லை. யாரோ பொறுமையாகக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பள்ளத்தில் வண்டி கிடைத்தது. கதவுகள் சாத்தியே இருந்தன. உள்ளே அவன் இல்லை. படகை அந்த வளைவிலேயே வைத்து நான் கொளுத்தினேன். தீர்ந்தது சனியன் என்று காறித் துப்பிவிட்டு வந்தேன்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. கை சும்மா இருந்தால் நினைப்பு வருகிறதென்று பட்டறையில் எனக்குக் கட்டை எடுத்துக் கொடுப்பாள்.

இன்று காலை ஒரு வேனைச் சாய்தளத்தில் நிறுத்தியிருந்தேன். பழகிய வாய், மல்லாந்து படுத்துக்கொண்டே கேட்டேன்.

"கட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

சரியென்று தலையை உள்ளே நீட்டினேன்.

"நுழை மச்சான்."

என் தங்கை என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மெல்லத் தலையைத் திருப்பினேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டை இரண்டும் அவள் கையில் இருந்தன. வேனின் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் அளவுக்குத் தரை நனைந்திருந்தது.