அந்தப் பேரில் இன்னொரு ஊர்

பிண வண்டி அந்த ஊருக்குள் நுழைந்தபோது நடுப்பகல். ஆனாலும் முன்விளக்கு போட வேண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி தெருவில் படுத்து, வீடுகளின் சுவர்களை விழுங்கிவிட்டுக் கூரைகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. ஈர மரப்பட்டை வாடையும், எங்கோ பச்சை விறகு புகையும் வாடையும் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தன.

"ஊர் வந்துடுச்சு," என்றார் வண்டி ஓட்டியவர். தெரு முனைப் பலகையை எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

அவரை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நாற்பது வயதுக்கு மேல் மகளின் பாடப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து பலகை கண்ட இடமெல்லாம் வாசிப்புதான். கடைப் பேர், மருந்து விளம்பரம், 'இங்கே எச்சில் துப்பாதீர்', எதுவும் தப்பாது. சவக்கிடங்கு ஆட்கள் கேலியாக வைத்த பேர் அது. கேலி என்று தெரிந்தும் அவருக்கு இனித்தது.

பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவியின் தம்பி. பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று கூட்டி வந்தது. கை பலம். வாய் அதைவிடப் பலம்.

"பாதை பிரியுற இடத்துல டீக்கடையில நிறுத்திக் கேட்டிருக்கலாம் மாமா. இந்தப் பேர்ல ரெண்டு ஊர் இருக்குன்னு கேள்வி. மலையில ஒண்ணு, கடலோரம் ஒண்ணு."

"பலகையில எழுதியிருக்கு. அம்புக்குறி போட்டிருக்கு. அதுக்கு மேல யாரைப் போய்க் கேக்கணும்? எழுத்துத் தெரியாதவன்தான் மாப்ளே வழி கேட்டுக் கேட்டுப் போவான்."

"அங்க ஒரு அம்மா வேற கை காட்டுச்சு."

"பிண வண்டியில இடம் கேக்குதாக்கும். ஏத்திக்கிட்டு வந்து உன் மடியில உக்கார வைக்கவா?"

தம்பி கண்ணாடியை இன்னும் ஏற்றிவிட்டார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி வண்டியில் ஏறிவிட்டால் இறந்தவரைப் பேர் சொல்லி அழைக்க மாட்டார்கள். ஊர்ப் பேர்தான் அவருக்குப் பேர். சொந்த மண்ணில் இறங்கும் முன்னால் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்ட குரலுக்கு இறந்தவர் வந்து நின்றுவிடுவார் என்பது பழைய ஆட்கள் வைத்துவிட்டுப் போன பயம். அதனால் கிடங்கில் வாத்தியாரிடம் சொன்னது இவ்வளவுதான். ஊரின் பேர். தச்சர் வீடு. துறைமுகத்துத் தண்ணீரில் பல நாள் கிடந்த பையன், பெட்டியைத் திறக்க வேண்டாம்.

தச்சர் வீடு எந்த ஊரில்தான் இல்லை?

முதலில் எதிர்ப்பட்ட ஆளே கை நீட்டிக் காட்டினார். மரச் சுவர்கள் கறுத்துப்போன பழைய வீடு. வாசலில் ஒரு பெரியவர் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் இழைப்புளி நின்றது.

"உங்க பையனைக் கொண்டு வந்திருக்கோம் ஐயா," என்றார் வாத்தியார், தாழ்ந்த குரலில்.

பெரியவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். வைத்ததே தெரியாதவர் போல மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

"வேலைக்குன்னு போனவன். வருஷக் கணக்காச்சு. ஒரு தகவல் இல்ல. எங்க கிடந்தான்?"

"துறைமுகத்துத் தண்ணியில."

"அவனுக்கு நீச்சல் தெரியாதே," என்றார் பெரியவர், யாரோ அதை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதுபோல.

உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள். காகிதத்தில் கையெழுத்து வாங்குவது தம்பியின் வேலை. பெரியவர் கண்ணில் நீர் முட்ட, என்ன ஏதென்று பார்க்காமல் போட்டார். எல்லா வீட்டிலும் சொல்லும் பொய்யை வாத்தியார் இங்கும் சொன்னார்: "கஷ்டப்படாம போயிருக்காருங்க."

பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள். மகள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா இது, உப்பு வாடை?"

அந்த மலையில் பிறந்து வளர்ந்தவள், கடலையே பார்த்திராதவள், அதைச் சரியாகச் சொன்னாள். கூடம் முழுக்க அந்த வாடை. மீன் வலை, ஈர மணல், அழுகிய பாசி.

பெரியவர் குனிந்து பெட்டியின் மேல் கன்னத்தை வைத்தார். பிறகு பிள்ளையின் பேரைச் சொன்னார்.

"அப்பா கூப்பிடுறேன்டா. வந்துடுடா."

வாத்தியார் தடுக்கக் கை தூக்கினார். சொந்த மண்ணுக்குத்தானே வந்துவிட்டான், இனி என்ன என்று கையை இறக்கிக்கொண்டார். பெரியவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

பெட்டிக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

தம்பி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

ஊர்க்காரர் நாலு பேர் வந்து குழி வெட்டினார்கள். பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்பியது. காலிக் குடத்தில் கொஞ்சம் நீர் கிடந்தால் அலம்புமே, அப்படி. மண்ணைத் தள்ளியபோது மரத்தில் மண் விழும் சத்தம் வரவில்லை. கூழாங்கல்லின் மேல் ஏறிய அலை பின்வாங்கும் சத்தம் வந்தது.

தள்ளத் தள்ள வந்தது.

நாலு பேரும் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவரவர் காதுக்குத்தான் கேட்கிறது என்று அவரவர் நினைத்திருக்கலாம்.

மலையிறங்கிப் பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் டீக்கடை முன்னால் தம்பி பிடிவாதமாக நிறுத்தச் சொன்னார். தொண்டை காய்ந்துவிட்டதாம். வண்டி நின்றதுதான் தாமதம், பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தாள். நரைத்த தலை, வெயிலில் கறுத்த முகம். காலையில் கை காட்டியவள்.

"தம்பி, கடலோர ஊருக்கா? என் பையனைக் கொண்டு வர்ற வண்டியா இது?"

வாத்தியார் கியரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"காலையில இருந்து ஒரு வண்டி விடாம நிறுத்திக் கேக்குறேன்யா. இந்தப் பேரால எத்தனை பேர் வழி தப்பியிருக்காங்க. எங்க ஊருக்கு வர வேண்டிய கல்யாண ஜனமே மலையேறிப் போயிருக்கு. அதான் நானே வந்து நின்னுட்டேன்." அவள் லேசாகச் சிரித்தாள். அழுது ஓய்ந்தவர்களுக்கு வரும் சிரிப்பு. "என் பையன் கப்பல் வேலை. எந்த நாட்டுல இறங்கினாலும் நம்ம ஊர் பேர்ல ஒரு ஊர் இருக்கும்மான்னு சொல்லுவான். பலகையைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துட்டோம்னு இறங்கப் பார்ப்பானாம். ஊர் இருக்கும்மா, நம்ம வீடுதான் இருக்காதும்பான்."

"நீங்க..." என்றார் தம்பி.

"படகு தச்சர் வீடு. அவங்க அப்பா இருந்தப்போ கரையில பாதிப் படகு அவர் செஞ்சது."

தம்பி பேச வாயெடுத்தார். அவர் தொடையில் வாத்தியார் கையை அழுத்தி வைத்தார்.

"பின்னால வேற வண்டி வருதும்மா," என்றார்.

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அந்த அம்மா நன்றி என்று சொல்லிவிட்டுப் போய் அதே பெஞ்சில், அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

டீ குடிக்காமலே வண்டி கிளம்பியது.

"மாமா, இது பாவம்."

"பேசாம வா."

"அந்த அம்மாகிட்ட..."

"என்னன்னு சொல்லச் சொல்ற? பலகையைப் படிச்சுட்டேன், அதனால உன் பிள்ளையை எவன் ஊர்லயோ புதைச்சுட்டேன்னா? எழுத்துத் தெரியாத காலத்துல ஒரு தடவைகூட நான் வழி தப்பினதில்லடா. ஊர் ஊரா நின்னு கேட்டேன்ல. கேட்டேன்ல."

அவர் குரல் உடைந்தது. காது மடலெல்லாம் கொதித்தது. ஊரே அவரை அம்மணமாக நிற்க வைத்துச் சிரிப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் வாடை வந்தது.

உப்பு வாடை.

காலி வண்டியின் பின்பக்கத்திலிருந்து.

பிறகு தட்டும் சத்தம். கோபமாக இல்லை. பேருந்தில் தூங்கிவிட்டு, தன் நிறுத்தம் தாண்டிப்போனதைக் கண்டவன் நடத்துநரைக் கூப்பிடத் தயங்கித் தட்டுவானே, அப்படி.

"அண்ணே," என்றது ஒரு குரல், தகரத்துக்கு அந்தப் பக்கம். "அம்மா அங்கயே உக்காந்திருக்காங்க."

வண்டி சாலையோரத்தில் ஏறி நின்றது. இருவரும் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்கள். ஆள் இல்லை. தரையில் நனைந்த கடல் மணல், கால் புதையும் அளவுக்கு.

வாத்தியார் வண்டியைத் திருப்பினார்.

டீக்கடையில் அந்த அம்மாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. "என்னைப் பார்த்தீங்கள்ல? கை காட்டினேன்ல?" என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தால் தேவலை.

அவளை ஏற்றிக்கொண்டு மலையேறினார்கள். பொழுது சாயும் நேரம். தச்சர் வீட்டு வாசலில் நின்று இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததுதான் வாத்தியாரைக் கொன்றது.

"அப்போ அது என் பையன் இல்ல."

"இல்லைங்க."

"அப்போ அவன் எங்கயோ உயிரோட இருக்கானா?"

வாத்தியார் தலையைக் கவிழ்த்தார். "தெரியலைங்க ஐயா."

"இருப்பான்," என்றார் பெரியவர். அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

விடியும்போது கடலோர ஊரில் பெட்டியை இறக்கினார்கள். அந்த அம்மா மணலில் மண்டியிட்டுத் தன் மகனின் பேரைச் சொன்னாள். உள்ளே அலம்பிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. உப்பு வாடை கடலோடு கடலாகப் போய்விட்டது. தம்பி பெருமூச்சு விட்டார். வாத்தியாரும் விட்டார். அவமானம் அவமானம்தான், ஆனாலும் போக வேண்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றார்கள். தம்பி வண்டியைச் சுற்றி வந்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மாமா, காலி வண்டிதானே?"

"ஏன்?"

"பின்பக்கம் அமுங்கி நிக்குது. ஆள் ஏத்தின மாதிரி."

கதவைத் திறந்தார்கள். மணல் இல்லை, ஈரம் இல்லை. காய்ந்த தகரத் தரை. ஆனாலும் சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் பட்டை வில் இரண்டும் பாரத்தில் வளைந்திருந்தன.

வாத்தியாருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் பம்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மலையில் ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். கூப்பிட்ட குரலுக்கு ஒருவன் எங்கிருந்தோ கிளம்பி வந்திருக்கிறான். வந்து பார்த்தால் அவன் இடத்தில் வேறொருவன். அந்த வேறொருவனைத் தோண்டி எடுத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். ஊர்ப் பேர் சரியாக இருக்கிறது என்று, குரல் கேட்டு வந்தவனும் கூடவே ஏறிவிட்டான்.

அப்படியென்றால் பெரியவரின் மகன் உயிரோடு இல்லை.

பாதை பிரியும் இடம் வந்தபோது டீக்கடை பெஞ்சில் தச்சர் உட்கார்ந்திருந்தார். சட்டையை மாற்றி, தலையைச் சீவி, மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். வண்டியைக் கண்டதும் எழுந்து கை காட்டினார். இந்த முறை வாத்தியார் நிறுத்தினார்.

"நீங்க ஊர் ஊராப் போறவங்க," என்றார் பெரியவர், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "எங்கயாவது என் பையனைப் பத்திக் காதுல விழுந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் தினமும் இங்க வந்து நிக்கிறதா இருக்கேன்."

அந்த முகத்தில் நேற்று வந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார். தம்பி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்றேங்க," என்றார் வாத்தியார்.

"வண்டியில இப்போ யாராவது?"

"இல்லைங்க ஐயா. காலி வண்டி."

பெரியவர் ஜன்னலை விட்டு விலகி வழி விட்டார். வாத்தியார் கியரைப் போட்டார். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்சக்கரம் பாரத்தில் உரசியது. கண்ணாடியில் பெரியவர் சின்னதாகி, தூசியில் மறைந்தார்.

பிறகு தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, ஒரு புதுக் குரல்.

"ஏன் சொல்லல?"