புயலின் மூன்று ராக்கெட்டுகள்

கண்ணைக் கட்டிவிட்டு ஓர் இறகுப்பந்து ராக்கெட்டைக் கையில் கொடுத்தால் போதும். நரம்பைத் தடவிப் பார்த்தே, அதைக் கட்டியவன் இடக்கையனா வலக்கையனா, கட்டிய அன்று வீட்டில் சண்டை போட்டானா இல்லையா என்பதுவரை நரம்பக்கா சொல்லிவிடுவார். இது மிகையல்ல, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது. சண்டையில் ஜெயித்தது யார் என்பதையும் சொல்வார் என்று அவருடைய கொழுந்தன் அடித்துச் சொல்கிறார். ஆனால் அந்தக் கொழுந்தன் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நிற்க இடமில்லாத பஸ்ஸில் 'உள்ள காலியா இருக்கு, போங்க' என்று சொல்லிப் பழகிய வாய். ஆகவே அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடுவோம்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் நரம்பக்காவின் சின்னக் கடைக்குள் ஒரு தையல்காரப் பெண் வந்து நின்றாள். அழுதுகொண்டு வரவில்லை. அழுகையைக் காய்ச்சிக் கோபமாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் மகள் சிட்டு, பதினாறு வயது. சர்வதேச ஜூனியர் இறகுப்பந்துப் போட்டியில் பதினான்கு நாட்டுப் பிள்ளைகள் ஆடி, கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: சிட்டு, அப்புறம் புயல் என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு பெண். இருவரும் ஒரே ஊர். நான்கு மணிக்கு இறுதி ஆட்டம். அன்று காலை பத்து மணிக்கு, இறுதி ஆட்டக்காரர்களின் பை வைக்கும் அறையில் புயலின் மூன்று ராக்கெட்டுகளும் நரம்பு வெட்டப்பட்டுக் கிடந்தன. பக்கத்திலேயே, சிட்டு தன் பையில் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோல். தொலைந்துவிடக் கூடாதென்று அம்மா அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். ஆகவே அது யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று மணிக்குள் வேறு பதில் கிடைக்காவிட்டால் சிட்டுவைப் போட்டியிலிருந்து நீக்குவதாகத் தலைமை நடுவர் சொல்லிவிட்டார்.

"ஆறுதல் கேட்டு வரலக்கா. ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் தையல்காரி.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இருந்தது. புயலின் பயிற்சியாளர். மாஸ்டர் என்றால் ஊரில் அவர் ஒருவர்தான். இரண்டு வருடம் முன்புவரை சிட்டுவும் அவரிடம்தான் ஆடினாள். ஒருநாள் எல்லார் முன்னாலும், 'உனக்கெல்லாம் பித்தான் தைக்கிற வேலைதான் லாயக்கு' என்று அவர் சொல்ல, தையல்காரி ஒரு பாட்டில் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி அந்த பாட்டில் இன்று தண்ணீர் லாரி ஆகிவிட்டது. மாஸ்டர் அப்படியே சொட்டச் சொட்ட நின்று, 'இதுக்கு ஒருநாள் நீ அழுவே' என்றாராம்.

"ஆனா தன்கிட்ட ஆடற பொண்ணோட ராக்கெட்டையே யாராவது வெட்டுவாங்களா? அதான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நரம்பக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்டக்டர் அதற்குள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

தலைமை நடுவர் எதையும் நம்பாத மனிதர். கடிகாரம் இரண்டு என்று காட்டினால் இன்னொரு கடிகாரத்தைப் பார்ப்பார். நரம்பக்காவோடு போட்டி அரங்கத்துக்கு வந்த கண்டக்டர் அவருடைய திறமையைப் பற்றிச் சொன்ன கதைகளை முகம் மாறாமல் கேட்டுவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து தன்னுடைய பழைய ராக்கெட்டை எடுத்து நீட்டினார். சொல்லுங்கள் பார்ப்போம் என்பதுபோல.

நரம்பக்கா கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"நீங்களே வீட்ல கட்டினது. வலது கை. இதைக் கட்டறப்போ வீட்ல சண்டை."

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. வீடு அமைதியா இருந்துச்சு" என்றார் நடுவர். கண்டக்டரின் முகம் சுருங்கிவிட்டது. நரம்பக்கா ராக்கெட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிதுங்கிய பூசணிக்காய்போல் ஒரு பக்கம் உப்பியிருந்த அதன் வளையத்தைப் பார்த்தார். பழைய நரம்பை எப்போதும் ஓரத்திலிருந்துதான் வெட்டி எடுப்பீர்களா என்று கேட்டார். வேறு எப்படி எடுப்பது என்றார் நடுவர்.

பிறகு வெட்டுப்பட்ட மூன்றையும் கேட்டு வாங்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மூன்று வளையங்களும் விளிம்போடு விளிம்பு பொருந்தின. நடுவில் ஒரு மயிர்கூட நுழையாது. வெட்டுகள் எல்லாம் ஒரே சாய்கோட்டில், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஓடின. அதற்கப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: காலையில் யார் எங்கே இருந்தார்கள்?

விசாரிக்கும் வேலையைக் கண்டக்டர் எடுத்துக்கொண்டார். டிக்கெட் வாங்காதவரைப் பிடித்ததுபோல் ஒவ்வொருவரையும் வழிமறித்துக் கேட்டார். போட்டிக்கென்று நரம்பு கட்ட வந்தவர் எட்டு மணியிலிருந்து தன் மேஜையை விட்டு நகரவில்லை. எதிரே வரிசையில் நின்ற இருபது பிள்ளைகள் சாட்சி. பை வைக்கும் அறைக்குள் போய் வந்தவர்கள் நாலே பேர்: சிட்டு, புயல், மாஸ்டர், பெருக்குகிற அம்மா. மாஸ்டர் மட்டும் கோபப்பட்டார். நரம்பு வேலை எல்லாம் கடைக்காரன் வேலை, தன் வாழ்நாளில் ஒரு நரம்பைத் தொட்டதில்லை, ஓர் ஆட்டக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்றார். கண்டக்டர் அதை வரி பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

"தொட்டதே இல்லன்னாரா?" என்றார் நரம்பக்கா.

"சத்தியம் பண்ணாத குறைதான், அண்ணி."

"நல்லதா போச்சு. எல்லாரையும் கூப்பிடுங்க தம்பி."

இரண்டரை மணிக்கு நடுவரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். சிட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தையல்காரி மாஸ்டரைப் பார்த்த பார்வையில் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம். நரம்பக்கா மட்டும் விருந்துக்கு வந்தவர்போல் நிதானமாக உட்கார்ந்து, மாஸ்டரின் தோளில் தொங்கிய ராக்கெட்டைக் கேட்டார். முப்பது வருடம் முன்னால் அவர் கோப்பை வாங்கியது அதில்தானே, ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா? மாஸ்டர் நெஞ்சு நிமிர்த்திக் கொடுத்தார். அந்த மாதிரி வளையம் இப்போது செய்வதே இல்லை என்றும் சொன்னார்.

நரம்பக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். இடுப்புப் பையிலிருந்து வெட்டுக்குறடு ஒன்றை எடுத்தார். ஓரத்து நரம்பு ஒன்றை வெட்டினார். டப்பென்று சத்தம். பக்கத்தில் இன்னொன்று. பிறகு ராக்கெட், குறடு இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, வெயில் ரொம்ப அதிகம் இல்லையா என்று நடுவரிடம் பேச ஆரம்பித்தார்.

மாஸ்டரின் முகம் வெளுத்தது. இரண்டு மூச்சு பொறுத்தார். மூன்றாவது மூச்சில் பாய்ந்து குறட்டைப் பிடுங்கினார். நடுவில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, அதற்கு அடுத்தது நெடுக்கு, அதற்கு அடுத்தது குறுக்கு. நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் விரல்கள் ஓடின. கடைசி நரம்பு விட்டதும் வளையத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஒரு பக்கம் மட்டும் வெட்டி வச்சா வளையம் கோணிக்கும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் மாஸ்டர்" என்றார் நரம்பக்கா. "உங்களுக்கும் தெரியுதே. அதான் கேள்வி."

அவர் அந்த ராக்கெட்டை மற்ற மூன்றுக்குப் பக்கத்தில் வைத்தார். நான்கிலும் ஒரே சாய்கோடு.

"கோபத்துல வெட்டறவங்க கத்தரிக்கோல் பட்ட இடத்துல வெட்டுவாங்க. வளையம் கோணினா அவங்களுக்கு என்ன? இங்க பாருங்க, மூணும் புதுசு மாதிரி இருக்கு. வெட்டினவருக்கு நரம்பு மேல இரக்கம் இல்ல, வளையம் மேல பாசம். இந்த அரங்கத்துல அப்படி வெட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் மேஜையை விட்டு எழுந்திருக்கல. இன்னொருத்தர் நரம்பைத் தொட்டதே இல்லன்னு சொன்னவர்."

"நடுவருக்கும் கட்டத் தெரியுமே?" என்றார் மாஸ்டர்.

"அவர் ராக்கெட்டைப் பாருங்க. அவர் மேல சந்தேகப்பட அந்தப் பூசணிக்காய் விடாது."

கண்டக்டர் சிரித்துவிட்டு, நடுவரைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார். மாஸ்டர் மறுக்க வாயைத் திறந்தார். அதற்குள் புயல் எழுந்தாள். அதுவரை அவள் தலையே நிமிரவில்லை.

"ஒன்பதே முக்காலுக்கு மாஸ்டர் என்னைத் தண்ணி வாங்கிட்டு வரச் சொன்னார். நேத்தே ரெண்டு ராக்கெட்டைத் தனியா அவர் கார்ல வைக்கச் சொன்னார். ஏன்னு கேட்டேன், வாயை மூடுன்னார்." அவள் மாஸ்டரின் பக்கம் திரும்பினாள். "நான் அவளை ஆடி ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

மாஸ்டர் புயலை விட்டுவிட்டுத் தையல்காரியைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு வருஷம். ஒவ்வொரு நாளும் தலை ஈரமாவே இருந்துச்சு."

சிட்டுவின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும் என்று நடுவர் அறிவித்தார். மாஸ்டரை உடனே வெளியேற்றக் காவலாளியைக் கூப்பிடப் போனபோது தையல்காரி தடுத்தாள். ஆட்டம் முடியும்வரை அவர் முதல் வரிசையில், எல்லோருக்கும் தெரியும்படி உட்கார வேண்டும். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். நடுவர் ஒரு காரணமும் கேட்காமல் ஒருவரின் பேச்சை ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

புயல், தன் நாற்காலிப் பக்கம் மாஸ்டர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, காரிலிருந்து எடுத்த ராக்கெட்டோடு ஆடினாள். நன்றாகவே ஆடினாள். சிட்டு அடித்த அடிகளோ பந்தின் பதினாறு இறகுகளும் தங்களைப் பெற்ற வாத்தை நினைத்துக் கதறும்படி இருந்தன. மூன்றாவது செட் இருபத்தொன்று பத்தொன்பது, சிட்டுவுக்கு. கடைசிப் பந்து மாஸ்டரின் காலடியிலேயே வந்து விழுந்தது. அரங்கம் முழுக்க அந்தப் பந்தைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

தையல்காரி மெதுவாக நடந்துவந்து, அவர் மடியில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்தாள். மாஸ்டரின் கை தன்னையறியாமல் தலையை மறைத்துக்கொண்டது.

"குடிங்க மாஸ்டர். இந்தத் தடவை குடிக்கத்தான்."

கூட்டம் கலைந்தபின், கதவருகே நரம்பக்காவைத் தலைமை நடுவர் வழிமறித்தார். கையில் அந்தப் பூசணிக்காய் ராக்கெட்.

"வளையம், வெட்டு, எல்லாம் சரி. அது தொழில். ஆனா சண்டைன்னு எப்படிச் சொன்னீங்க?"

"மேல் பாதி நரம்பு தொளதொளன்னு இருக்கு. கீழ்ப் பாதி வீணை மாதிரி விறைச்சுக் கிடக்கு. கட்டினவர் பாதியில எழுந்து போயிருக்கார். திரும்பி வந்த கையில கோபம் இருந்திருக்கு."

நடுவர் இரண்டு பக்கமும் பார்த்தார். கண்டக்டரைத் தவிர யாருமில்லை. அவர் இருந்தாலே ஊர் முழுக்க இருப்பதற்குச் சமம். ஆனால் நடுவருக்கு அது தெரியாது.

"சாப்பாட்டு மேஜையில வச்சுக் கட்டினேன்" என்றார் தணிந்த குரலில். "மேஜையில கீறல் விழுதுன்னா என் வீட்டுக்காரி. ஆமாம்மா. சண்டைதான்."