பாரா மாற்ற ஆள் இல்லை

காவேரி வெள்ளத்தையே ஒரே விசிலில் நிறுத்தியவன் நான். ஒகேனக்கல் பரிசல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பொறாமையில், "அப்படியெல்லாம் இல்லை" என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஏட்டுக்கே வியர்த்துப்போன கதை இது.

பணியில் இறந்த காவலர்களுக்கான வீரவணக்க நாளுக்கு, ஓய்வுபெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றோரப் புறக்காவல் நிலையத்தின் முன் மலர்வளையம். மேகம் கவிந்த காலை. மீன் வறுக்கும் வாசனையோடு பாசி நாற்றமும் வந்தது.

ஒரு வெள்ளத்தின்போது அங்கே ஆற்றோரப் பாறைமேல் பாரா, அதாவது காவல், நிற்கப் போன காவலர் அருள்குமார் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மனைவி அமுதவல்லி அன்றும் வந்திருந்தாள்.

"பூவெல்லாம் வேணாங்க ஏட்டய்யா. இன்னும் நின்னுட்டே இருக்காரு. பூட்ஸ் சத்தம் கேக்குது. யாராச்சும் போய்ப் பாரா மாத்துங்க. அவரு வூட்டுக்கு வரட்டும்."

எங்கள் உத்தியோகத்தில் அதுதான் முறை. மாற்று ஆள் வந்து, "பாரா எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லும்வரை யானை துரத்தினாலும் நகரக் கூடாது. நான் ஒன்பது யானைகளுக்கு நடுவில் நின்றவன். சரி, ஒன்றுதான். அதுவும் தூரத்தில்.

எஸ்.ஐ. ஜோசப் ராஜ் சிரித்தார். "காவேரிய நிறுத்துனீங்களே, ஒரு பேய அனுப்பி வைக்க மாட்டீங்களா?"

"ரிடையர் ஆனவனுக்குப் பேய் டூட்டி கெடையாதுங்க சார்."

"அப்ப நானே போறேன். அந்தம்மா மனசாச்சும் ஆறட்டும்."

"வெளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையச் சொல்லாதீங்க சார். எடுத்துக்கிட்டா, உங்கள மாத்த இன்னொருத்தன் வரணும்."

"உங்க ரீலுக்கு அளவே இல்ல ஏட்டய்யா!"

பாறையில் ஏறினார். வெற்றிடத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"பாரா எடுத்துக்கிட்டேன்!"

அருவிச் சத்தம் அடங்கியது.

டக். டக். டக்.

பாறையிலிருந்து ஈர பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாக மணலில் பதிந்து வந்தன. சேற்று வாடை மூக்கை அடைத்தது. தடங்கள் அமுதவல்லியின் அருகில் நின்றன. அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். பக்கத்திலேயே தடங்களும் போயின.

"இறங்குங்க சார்," என்றேன்.

"கால் வரல ஏட்டய்யா."

எங்கும் மழை இல்லை. தண்ணீர் ஏறியது.

பரிசல் நெருங்க முடியவில்லை. கயிறு வீசினோம். அது அவர் மார்பில் பட்டு விழுந்தது. நெற்றியில் வைத்த கையை அவரால் இறக்க முடியவில்லை.

விசிலை எடுத்து ஊதினேன். மூச்சு தீரும்வரை ஊதினேன்.

காவேரி நிற்கவில்லை.

எஸ்.ஐ. வழுக்கி ஆற்றில் விழுந்தார் என்று கேஸை முடித்துவிட்டார்கள். இந்த வருஷம் அவருக்கும் மலர்வளையம் வைத்தோம். எல்லோரும் போன பிறகு, வெறும் பாறையைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"இப்பவாச்சும் நம்பறீங்களா சார்?"

பூட்ஸ் குதிகால்கள் சேரும் சத்தம்.

"நம்பறேங்க ஏட்டய்யா. நடந்தது நெசந்தான்... பாரா மாத்த ஆள் அனுப்புங்க."