தழும்பில்லாத கேமரா

"பொய்" என்றது தழும்பறிவான் எந்திரம்.

கோவை நீதிமன்றத்தில் நின்றிருந்த சுகுணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய்யா? அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தானே! அதில், மில் தீப்பிடித்த நேரத்தில் அவள் தம்பி கதிர்நிலவன் பல்லடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறான். தீ வைத்தவன் என்று உள்ளே போட்டிருக்கும் அவனை மீட்க வேறு சாட்சியே கிடையாது.

எந்தப் படத்தையும் நொடியில் புனைந்துவிடலாம் என்று ஆன பிறகு, நீதிமன்றங்கள் நம்பியது கேமராவின் ஷட்டரை, அந்த மூடுதகட்டை மட்டும்தான். திறந்து மூடித் திறந்து மூடி அதன் விளிம்பு தேயும். அந்தத் தேய்மானம் ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியாத தழும்பாக விழும். கேமராவையும் படத்தையும் சேர்த்து வைத்தால், அது பெற்ற பிள்ளைதானா இது என்று தழும்பறிவான் சொல்லிவிடும்.

பரிசோதகர் அருளப்பன் கேமராவைத் திறந்து பார்த்தார். அவர் முகமே வெளுத்துவிட்டது.

"எட்டு வருசத்துக் கேமரான்னு சொன்னீங்க. தகட்டுல ஒரு கீறல்கூட இல்லீங்களேம்மா. என்ன பண்ணுனீங்க?"

"போன வாரம் ஆயுத பூஜைங்க. தொடச்சுப் பொட்டு வச்சனுங்க. கோர்ட்டுக்கு வர்ற சாமானாச்சேன்னு தகடாற்றியும் ஊத்துனனுங்க."

தகடாற்றி என்பது தேய்ந்த உலோகத்தை மறுபடி வளரவைக்கும் மருந்து. ஒரு சொட்டு விட்டால் கேமராவுக்குச் சாவே இல்லையாம், விளம்பரத்தில் தினமும் கத்துகிறார்கள். பழுதோடு அடையாளத்தையும் தின்றுவிடும் என்று புட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும், படுபாவிகளா!

சுகுணா பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து நீட்டினாள். "ஊத்துனது நெசந்தானுங்க! நல்லா ஓடுதான்னு பாக்க உடனே ஒரு படம் எடுத்தனுங்க. இதப் பாருங்க."

காலிப் புட்டியைக் கையில் பிடித்தபடி அவளே சிரித்துக்கொண்டிருந்த படம். புதிதாய் வளர்ந்த விளிம்புக்கும் தனி ரேகை உண்டு. தழும்பறிவான் யோசிக்கவே இல்லை.

"உண்மை."

"பாத்தீங்களா!" சுகுணா கையெடுத்துக் கும்பிட்டாள். "இனி என்ற தம்பிய விட்டுருவீங்கல்லங்க?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"சாட்சியத்தை அழிச்சதுக்கு இந்தப் படமே போதும்" என்றார். "இந்தம்மாவையும் கைது பண்ணுங்க."

"அக்கா!" கூண்டுக்குள்ளிருந்து கதிர்நிலவன் அலறினான். "அத எதுக்குக்கா காட்டுனே?"