களைப்பு: பூஜ்யம்

"ஏனுங்கய்யா, இன்னொருக்கா கையை வையுங்க" என்றாள் ஓய்வு அனுமதி அலுவலர் சாந்தாமணி. தெய்வசிகாமணி வைத்தார். களைப்பை அளக்கும் அயர்வுமானி மூன்றாம் முறையாகப் பூஜ்யம் காட்டியது.

காட்டாமல் என்ன செய்யும்? அதைச் செய்தவரே அவர்தான். அவர் கண்டுபிடித்த அயர்வுநீக்கி வளையம் இன்று எல்லார் மணிக்கட்டிலும் இருக்கிறது. இரத்தத்தில் சேரும் களைப்பை அவ்வப்போது கழுவிவிடும். களைப்பே இல்லாதவனுக்கு ஓய்வு எதற்கு என்று ஓய்வு வயதை அரசு தூக்கிக் கடாசிவிட்டது. அவருக்குச் சிலை வைத்தார்கள். எழுபத்தெட்டு வயதிலும் தினமும் அலுவலகம் வர வைத்தார்கள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. போதும்னு இருக்குது, அவ்வளவுதான்."

"அப்படியே எழுத முடியாதுங்க. நானே ஆபீஸ் பாஷையில எழுதி மேல்முறையீட்டுக்கு அனுப்பிடறேன். அங்க நீங்கதானுங்களே!"

ஆமாம், மேல்முறையீட்டுக் குழு என்பது அவர் ஒருவர்தான். மனுவில் பெயரோ தொழிலோ வயதோ தெரியக்கூடாது என்ற விதியும் அவர் போட்டதே. நேர்மையாம், மண்ணாங்கட்டி! பதினோரு வருடமாக ஒரு மனுவையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. 'கருவி பொய் சொல்லாது. நிராகரிக்கப்படுகிறது' என்று முத்திரையே செய்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை நாற்பத்தொரு மனுக்கள் வந்தன. தன்னுடையதைத் தேடி ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாமே அவர் சொன்னது போலத்தான் இருந்தன. எல்லாருக்கும் அனுமதி தரலாம். தந்தால் தன் கருவி தவறு என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஒன்றே ஒன்று என்றால் விதிவிலக்கு என்று சமாளிக்கலாம்.

பதினேழாவது மனுவில் நின்றார். 'கை பழக்கத்தில் வேலை செய்கிறது. மனம் விட்டுப்போய் முப்பது வருடம். ஊரார் மட்டும் இன்னும் கெட்டிக்காரன் என்கிறார்கள்.'

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது நானேதான், வேறு யார்? அனுமதி என்று எழுதிக் கையெழுத்திட்டார். மற்ற நாற்பதிலும் மளமளவென்று முத்திரை குத்தினார்.

மாலையில் சாந்தாமணி அழைத்தாள். "உக்கடத்துல காஜா மைதீன்னு ஒரு பரோட்டா மாஸ்டருங்கய்யா. ஓய்வு கிடைச்சுதுன்னு அழுதுட்டே போறாருங்க. உங்களுக்காக துவா செய்யறாராம்."

"என் மனு?" என்றார் தெய்வசிகாமணி.

"அதுல உங்க முத்திரைதானுங்க இருக்குது."

"வேற ஒண்ணு எழுதும்மா."

"எப்படிங்கய்யா எழுதறது? ஆயுசுக்கு ஒரு மனுதான்னு நீங்கதானுங்களே விதி போட்டீங்க."